ஒரே இடைவெளி, இரண்டு லாரி

கிருஷ்ணகிரி டோல்கேட், சாயங்காலம். இருந்த ஒரே இடைவெளியைப் பார்த்து இரண்டு மாங்காய் லாரிகள் ஒரே நேரத்தில் மூக்கை நுழைத்தன.

ஒவ்வொரு லாரியும் தானே முடிவெடுக்கும் கணினி மாதிரிதான் ஏஜென்ட் சிமுலேஷன். அதை 8 த்ரெட்டில், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் 8 வேலை இழைகளில் ஓட்டினால் நடப்பது இதேதான்.

எல்லா லாரியும் பழைய நிலையை மட்டும் படிக்கணும். புது நிலையைத் தனி நினைவகத்தில் எழுதணும். ஒரே இடத்தை இரண்டு கேட்டால் தீர்ப்பு அதற்குப் பிறகு, தனிச் சுற்றில்.

ரேண்டம் எண்ணை த்ரெட் வாரியாகப் பிரிக்காதீர்கள். லாரி எண், படி எண் (எத்தனையாவது நேரப் படி) இரண்டையும் சேர்த்து விதையாக்குங்கள், அதாவது ரேண்டம் எண்கள் பிறக்கும் தொடக்க எண்ணாக்குங்கள். இல்லையென்றால் 8 த்ரெட்டில் வந்த விடை 4-இல் வராது. பிழையைத் திரும்ப வரவழைத்துப் பார்க்கவே முடியாது.

விதிகளைப் பைத்தானில் எழுதலாம், அருமையான வசதி. ஆனால் சிமுலேஷனை ஓட்டும் சி++ மையம் ஒவ்வொரு லாரிக்கும் பைத்தானைக் கூப்பிட்டால், வழக்கமான பைத்தானின் ஜிஐஎல் பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே பைத்தான் ஓட்ட விடுவது) எட்டு த்ரெட்டையும் ஒற்றை வரிசையில் நிறுத்திவிடும். ஆயிரம் லாரிக்கு ஆயிரம் அழைப்பு வேண்டாம். எல்லா லாரிகளின் தரவையும் ஒரே பட்டியலாக, ஒரே அழைப்பில் கொடுங்கள்.