அப்பா கையெழுத்துப் போடவில்லை

மார்ச் 3
காய்ச்சல் 101. கஞ்சி இரண்டு கரண்டி.

மார்ச் 5
சர்ச் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை வந்து சபையின் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, முகம் பார்க்காமல் போனார். நான்கே வரி. வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனது தவறு, இனி சபை ஒழுங்குக்குக் கட்டுப்படுகிறேன் என்று அப்பா கையெழுத்துப் போட்டால் ஐயர், எங்கள் பாதிரியார், திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொண்டுவருவாராம். அப்பா கண்ணாடி போட்டு வாசித்தார். மடித்து மருந்து டப்பாவுக்கு அடியில் வைத்தார்.

மார்ச் 6
தூக்கம் வரவில்லை.

அப்பா 31 வருடம் உபதேசியார், பட்டம் பெறாத சபை ஊழியர். ஐயர் மாதம் ஒருமுறை எட்டிப்பார்க்கும் ஊர்களில் மற்ற ஞாயிறெல்லாம் ஆராதனை நடத்தியது அப்பா. பிரசங்கம் செய்தது அப்பா. நடுராத்திரியில் சாவு விழுந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடியது அப்பா. ஆனால் அப்பத்தை மட்டும் பிட்டதில்லை. திருவிருந்து கொடுக்கக் குருப்பட்டம் வேண்டும், அது அவருக்கு இல்லையே. அந்தக் கோட்டை ஒருநாளும் அவர் தாண்டியதில்லை. அவரிடமா ஒழுங்கைப் பற்றி எழுதிக் கேட்கிறார்கள்?

இந்த மண்ணுக்கு இந்தச் சண்டை பழசு. ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820ல் பாளையங்கோட்டைக்கு வந்தவர், பெர்லினில் லுத்தரன் முறைப்படி பட்டம் பெற்றவர். தன் உபதேசியார்களுக்கும் அப்படியே பட்டம் கொடுக்க நினைத்தார். பேராயர் தலையில் கை வைத்துக் கொடுத்தால்தான் பட்டம் செல்லும் என்றது அவரை அனுப்பிய, ஆங்கிலச் சபையைச் சேர்ந்த சர்ச் மிஷனரி சங்கம். ஆங்கிலச் சபையின் முறைமைகளைக் கண்டித்து அவர் எழுதியதும் சேர்ந்துகொள்ள, 1835ல் உறவு அறுந்தது. ஆற்காட்டுக்குப் போனவரை இங்கிருந்த உபதேசியார்கள் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தார். சபை இரண்டாகப் பிரிந்து நின்றது. 1838 ஜூன் 5ல் இறந்துபோனார். 47 வயது. அதன் பிறகு அவரோடு நின்றவர்களில் பெரும்பாலோர் சங்கத்தோடு ஒத்துப்போய்விட்டார்கள்.

அந்த உபதேசியார்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கூப்பிட்டவர்கள் அவர்கள். அவர் போன பிறகு எந்த வீட்டில், என்ன பேசிக்கொண்டார்கள்?

மார்ச் 9
அண்ணன் போன் செய்தான். "போட்டுக் கொடுத்துட்டா என்ன? நாளைக்குக் கல்லறைத் தோட்டத்துல இடம் இல்லைன்னு சொன்னா எங்கே போவே?"

அவன் கேட்டதில் தப்பில்லை. அதுதான் ராத்திரி முழுவதும் அறுக்கிறது.

மார்ச் 10
கடிதம் அதே இடத்தில்.

மார்ச் 12
1947 செப்டம்பர் 27. ஆங்கிலச் சபையும் மற்றச் சபைகளும் ஒன்றாகி, எங்கள் தென்னிந்தியத் திருச்சபை பிறந்த நாள். பேராயர் கை வைக்காத மெதடிஸ்ட் ஐயர்மாரையும், தென்னிந்திய ஐக்கிய சபை ஐயர்மாரையும் மறுபடி பட்டம் கொடுக்காமலே ஏற்றுக்கொண்டார்கள். இனிமேல் பட்டம் கொடுப்பது பேராயர்தான், ஆனால் ஏற்கெனவே ஊழியத்தில் இருப்பவரின் ஊழியம் ஊழியமே. ரேனியஸ் ஐயருக்குக் கிடைக்காத வார்த்தை 112 வருடம் கழித்து வந்தது. அதற்காக எத்தனை வருடம் உட்கார்ந்து பேசினார்கள்! அவ்வளவு பெரிய மனசோடு பிறந்த சபை, படுக்கையில் கிடக்கும் ஒரு கிழவரிடம் நான்கு வரிக்காகக் காத்திருக்கிறது.

இன்றைக்கு எனக்குக் கோபம்தான். வேறொன்றும் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு
மணிச்சத்தம் கேட்டதும் அப்பா சட்டை கேட்டார். போட்டுவிட்டேன்.

கேட்டேவிட்டேன். "நானே அப்பம் பிட்டுத் தரட்டுமாப்பா?"

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ தந்தா ஆண்டவர் கோவிக்கமாட்டார்மா. ஆனா அது சபையோட பந்தி. நம்ம வீட்டுப் பந்தி இல்ல."

"அப்போ கையெழுத்து?"

"ஜெபம் பண்ணினது தப்புன்னு எழுதமாட்டேன்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். நான் எங்கே போய் நிற்பது?

மார்ச் 17
மாத்திரை மாற்றினார்கள். மூச்சு கொஞ்சம் இரைகிறது.

மார்ச் 18
மருந்து வாங்கிவிட்டு பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் கோயிலுக்குள் போய் உட்கார்ந்தேன். ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826ல் பிரதிஷ்டை செய்த கோயில். கட்டியவரையே ஒத்துப்போகவில்லை என்று வெளியே அனுப்பிய பிறகும் கோயில் நிற்கிறது. ஜெபிக்கத்தான் போனேன், வார்த்தை வரவில்லை.

மார்ச் 20
கோயில்பிள்ளை தானாகவே வந்தார். கையில் கடிதம் இல்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து 23ஆம் சங்கீதம் சொன்னார். அப்பாவும் கூடவே சொன்னார். "பந்தியை ஆயத்தப்படுத்தி" என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். கோயில்பிள்ளையும் நிறுத்திவிட்டார். ஐயரிடம் தானே பேசிப் பார்ப்பதாக வாசலில் வைத்துச் சொன்னார்.

மார்ச் 21
102. காலையிலிருந்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கண்ணைத் திறக்கிறார்.