நெருப்பில் பிறக்கும் குளிர்

ஃப்ளோரிடா புழுக்கம். காலையில் ஆர்.வி.யின், அதாவது வீடு போன்ற பயண வண்டியின், ஃபிரிட்ஜைத் திறந்தால், தயிர் டப்பா மூடியில் முத்து முத்தாக நீர். உள்ளே 9 டிகிரி. 4-ஐத் தாண்டக் கூடாது.

கதவிடுக்கில் டாலர் நோட்டை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தேன். மேலே இறுக்கிப் பிடித்தது. கீழ்மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது.

ரப்பர் மடிப்பில் காய்ந்துபோன தோசைமாவு! அந்த இடுக்கு வழியாகத்தான் ஈரக்காற்று புகுந்திருக்கிறது. வெந்நீரில் துடைத்தேன்.

அப்புறம், சாய்ந்து நின்ற வண்டியைச் சமப்படுத்தினேன். இந்த ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. கேஸ் சூட்டில் ஆவியாகும் அம்மோனியா, திரவமாகித் தானாக வழிந்து இறங்க வேண்டும். சாய்ந்தால் தேங்கிவிடும்.

1922-இல் ஸ்வீடனில் இரண்டு மாணவர்கள் உருவாக்கிய முறை இது. நெருப்பை வைத்துக் குளிரை உண்டாக்கியிருக்கிறார்கள்!

அந்தச் சின்ன நீலச் சுடரைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரவு, 4 டிகிரி.