தோட்டத்துக்கு ஓடிய கதாநாயகன்
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் விடாத மழை. ஒட்டுக்கடையில் பக்கத்து மேசைத் தாத்தா எஸ்.எஸ். வாசனைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதைதான் 1936இல் ‘சதி லீலாவதி’ படமானது. எம்ஜிஆருக்கு முதல் படம். ஆனால் தாத்தா சொல்ல வந்தது அதை இல்லை. கொலைப்பழிக்குப் பயந்த நாயகன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாக ஓடிப்போவான். அந்த இடம் வந்ததும், ரப்பர் பால் வெட்டிக் காய்த்த விரலால் மேசையைத் தட்டினார். “நம்மாளு கதைய்யா!”

அப்புறம் வாசன் ஜெமினி ஸ்டுடியோ முதலாளி ஆனார். இங்கே மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷாரின் அவசரகாலம் வந்த அதே 1948இல் அவருடைய ‘சந்திரலேகா’ படம். அந்த முரசு நடனத்தை யார் மறப்பார்? எனக்கென்னவோ தொடர்கதை எழுதிய வாசனைத்தான் பிடிக்கிறது. சொன்னேன். தாத்தா முறைத்தார். சரி, தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) காசு என் தலையில்.