அல்மாட்டியில் தேயிலை விற்கிறேன்: குளிர்காலக் குறிப்புகள்

29 நவம்பர் 2024, வெள்ளி

டொலர் 500 தெங்கேயைத் தாண்டிவிட்டது, தெங்கே என்பது கஜகஸ்தான் நாணயம். மே மாதம் 440 சொச்சத்தில் நின்றது. இன்று மத்திய வங்கி அடிப்படை வட்டியை 15.25 வீதத்துக்கு ஏற்றியிருக்கிறது. தேயிலைக்காகக் கொழும்புக்கு நாங்கள் கட்டுவது டொலரில், அதிலும் பாதிக்கு மேல் சரக்கு கப்பல் ஏறும் முன்பே. சூப்பர்மார்க்கெட்காரர்கள் எங்களுக்குத் தருவது தெங்கேயில், சரக்கு இறக்கி ஒரு மாதம் கழித்து. விலையைக் கூட்டுவதானாலும் அவர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆக, இன்று தட்டில் இருக்கும் பக்கெட்டெல்லாம் பழைய விலைக்குத்தான் போகும். கடலோர நாட்டுக்காரனுக்கும் இந்தத் தலையிடி உண்டு. ஆனால் அவனுடைய பணம் இவ்வளவு நாள் ரெயில் பெட்டிக்குள் கிடப்பதில்லை.

3 டிசம்பர், செவ்வாய்

கொழும்பில் ஏல நாள். ஏற்றுமதிக் கந்தோரோடு காலையிலேயே பேசிவிட்டேன். இந்த மார்ச்சில் கஜகஸ்தான் முழுக்க ஒரே நேரமாக்கினார்கள். அதுவரை நாங்கள் கொழும்புக்கு அரை மணி முன்னால், இப்போது அரை மணி பின்னால். பாதகமில்லை, ஏலத்து விலை வரும்போது நான் மேசையில் இருக்கிறேன்.

5 டிசம்பர், வியாழன்

பச்சைச் சந்தைக்குப் போனேன். அங்கே தேயிலை விற்கும் அப்பாய் (வயதில் மூத்த பெண்ணை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவரிடம் எங்கள் பக்கெட்டை வைக்கச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று இருக்கச் சொல்லி, இரண்டு கிண்ணம் எடுத்தார். இரண்டிலும் முதலில் பால், ஒரு விரல் அளவுக்கு. ஒன்றில் கென்யாச் சிடிசி, அதாவது நசுக்கிக் குருணையாக்கிய தேயிலையின் சாயம், மற்றதில் இலங்கை மலைநாட்டுத் திம்புலவிலிருந்து வந்த எங்கள் இலைத் தேயிலைச் சாயம். மேலே கொதிநீர், அரைக் கிண்ணத்துக்கும் குறைவாக. இங்கே விருந்தாளிக்குக் கிண்ணம் நிரம்ப ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம்.

கென்யாக் கிண்ணம் உடனே செங்கல் நிறமாயிற்று. எங்களுடையது வெளிறிப் போய் நின்றது. மணத்தில் எங்களுடையதற்குக் கிட்ட வர முடியாது, அதை அவரும் ஒத்துக்கொண்டார். "ஆனால் மகனே, பால் ஊற்றினால் மணம் எங்கே தெரியப்போகிறது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மலைநாட்டில் கொழுந்தெடுத்த குடும்பத்தில் பிறந்தவன் நான், திம்புலச் சாயத்தின் பளபளப்பு இருபதடி தள்ளியே தெரியும். அவருடைய வாடிக்கையாளருக்கு வேண்டியது கடும் சிவப்பு. அது சுவை தெரியாத்தனம் என்று கொழும்பில் சிலர் பேசுவார்கள். அவர்களை ஜனவரியில் இங்கே கூட்டிவந்து, வெளியே நிற்கவைத்துவிட்டு, அப்புறம் எந்தத் தேத்தண்ணி வேண்டும் என்று கேட்க வேண்டும்.

11 டிசம்பர், புதன்

கொன்டெய்னர் இன்னும் சீன எல்லையில், கோர்கோஸில். கொழும்பிலிருந்து மலாக்கா நீரிணை வழியாகக் கிழக்கே போய் சீனாவின் லியான்யுன்காங்கில் இறங்கி, அங்கிருந்து ரெயிலில் முழுச் சீனாவையும் கடந்து மேற்கே திரும்பி வருகிறது. எல்லையில் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டரிலிருந்து 1520க்கு மாறும். 85 மில்லிமீட்டர் வித்தியாசம், அதற்காக ஒவ்வொரு பெட்டியையும் கிரேனில் தூக்கி மறு வண்டியில் வைக்கிறார்கள். ஈரானின் பந்தர் அப்பாஸ் வழி வரைபடத்தில் குறுக்கு வழிதான். வங்கிக்காரரும் காப்புறுதிக்காரரும் அந்தப் பெயரைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார்கள்.

19 டிசம்பர், வியாழன்

வந்துவிட்டது. சீல் உடைத்ததும் முதலில் மூக்கைத்தான் உள்ளே விட்டேன். பெயின்ட், சவர்க்காரம், மீன் எந்த வாடையும் இல்லை. தேயிலை பக்கத்தில் இருப்பதையெல்லாம் இழுத்துக்கொள்ளும், அதனால் அது முதல் நிம்மதி. ஆனால் மேல்வரிசை அட்டைப்பெட்டிகளில் வட்ட வட்டமாக ஈரக் கறை. கொழும்பின் ஈரக் காற்றோடு மூடிய பெட்டி உறைபனிக்குள் வந்தால், உள்ளே இருக்கும் ஆவி கூரையில் நீராகிச் சொட்டும். ஈரம் உறிஞ்சும் பைகள் தொங்கவிட்டிருந்தார்கள், குண்டாக ஊறிப்போய்க் கிடந்தன. போதவில்லை. உள்ளே படலம் சுற்றியிருந்ததால் தேயிலைக்குச் சேதமில்லை. நெளிந்த பெட்டியை மட்டும் சூப்பர்மார்க்கெட் எடுக்காது, அவை சந்தைக்குப் போகும்.

லேபலைச் சரிபார்த்தோம். கஜாக், ரஷ்யன் இரண்டிலும் விவரம், இறக்குமதியாளர் முகவரி, யூரேசிய ஒன்றியத்தின் ஈஏசி முத்திரை. எல்லாம் சரி.

8 ஜனவரி 2025, புதன்

முதலாளியோடு வாக்குவாதம், ஆனால் நல்ல வாக்குவாதம். டீ பேக் பெட்டியில் நாம் கூலி கட்டிக் கொண்டுவருவதில் பெரும்பகுதி காற்று என்கிறார். 2 கிராம் வீதம் 100 பேக், மொத்தம் 200 கிராம், பெட்டியைப் பார்த்தால் செங்கல் அளவு. கொன்டெய்னர் நிறையும்போது எடை பாதிகூட ஆகியிருக்காது. மொத்தமாக மூட்டையில் கொண்டுவந்து இங்கேயே பொதி செய்தால் பயணக் கூலி சரேலென்று இறங்கும்.

உண்மைதான். ஆனால் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை போய்விடும். கலப்பில்லாத இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்றால்தான் அது கிடைக்கும். நான் சொன்னது: டீ பேக்கை இங்கே பொதி செய்வோம், அதை வாங்குகிறவர் சிங்கத்தைப் பார்ப்பதில்லை. பரிசுக்கு வாங்கும் தகரப்பேணியும் இலைத் தேயிலையும் சிங்கத்தோடே வரட்டும். அரைமனதாகத் தலையாட்டினார்.

30 ஜனவரி, வியாழன்

பெறுமதி சேர் வரியை 12 வீதத்திலிருந்து 20க்கு ஏற்றும் யோசனையைப் பிரதமர் சொன்னதிலிருந்து கந்தோரில் வேறு பேச்சில்லை. எப்படியும் இந்த வருடம் வராது.

அடுத்த கட்டளை அனுப்பியாயிற்று. திம்புலவைக் குறைத்து, பாலுக்குத் தாங்கும் தாழ்நாட்டு இலையைக் கூட்டியிருக்கிறேன், சிடிசி கொஞ்சம் மாதிரிக்கு. அது மார்ச் 21 நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முன் வந்து சேருமென்று நம்ப ஏலாது. இருப்பில் இருப்பதைத்தான் பங்கிட வேண்டும். சூப்பர்மார்க்கெட்டுக்குக் குறைத்து சந்தைக்குக் கூட்டச் சொல்லியிருக்கிறேன், அங்கே காசு கையோடு வரும். அப்பாயும் நெளிந்த பெட்டிகளில் பத்து கேட்டிருக்கிறார், கழிவு விலைக்கு.