சிமுலேட்டர் கேட்லாக் போடும்போது எங்கே இடிக்கும்?

ராணுவப் பயிற்சிக் கருவிகள், ஹியூமன் ஃபேக்டர்ஸ் (மனிதரின் உடலுக்கும் மனதுக்கும் ஏற்றபடி கருவிகளை அமைப்பது) தொழில்நுட்பங்கள் இரண்டுக்கும் மதுரைப் பக்கம் கப்பலூர் பட்டறைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு கேட்லாக் போட்டு முடித்தாயிற்று. தலைப்பு, ஆண்டு, தயாரிப்பாளர் எல்லாம் எக்செல்லில் மளமளவென்று ஏறிவிடும். பாடாய்ப் படுத்துவது மீதிக் கட்டங்கள்தான்.

வெட்டிப் பயணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி சுடும் சிமுலேட்டர் ஒன்றின் சோதனை அறிக்கை தேவைப்பட்டது. போனில் "இருக்கு சார், வாங்க" என்றார்கள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறித் திருச்சி போனால், கையில் கொடுத்தது விளம்பரக் கையேடு. அறிக்கை எண் இல்லாமல் ரெஜிஸ்டரைத் திறக்க முடியாது என்று கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிட்டார். அந்த எண் இருப்பதே ரெஜிஸ்டரில்தான்! அறிக்கை எண்ணையும் பக்க எண்ணிக்கையையும் மெயிலில் வாங்காமல் யாரும் கிளம்பாதீர்கள்.

அமெரிக்க அறிக்கைகளில் எண் தொல்லை வேறு மாதிரி. ஆய்வுக்கூடம் ஒரு எண், ஒப்பந்த நிறுவனம் ஒரு எண், அமெரிக்க ராணுவ ஆய்வறிக்கைகளைச் சேர்த்துவைக்கும் மையமான டிடிஐசி தரும் 'ஏடி' எண் ஒன்று. மூன்றையும் ஒரே பதிவில் கட்டாவிட்டால் ஒரே அறிக்கை மூன்று இடத்தில் முளைக்கும். ஃபார்ம் 298 என்ற படிவப் பக்கத்தில் முதல் இரண்டும் கிடைக்கும். ஸ்கேன் செய்கிறவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கருவிகள் மனிதருக்குப் பொருந்த வேண்டும் என்பதற்கான அமெரிக்க ராணுவத் தரநிலை மில்-ஸ்டாண்டர்ட் 1472. 'மில்-ஸ்டாண்டர்ட் 1472-க்கு இணக்கமானது' என்று மட்டும் எழுதித் தந்தால் திருப்பி அனுப்புங்கள். எஃப் பதிப்பு 1999, ஜி 2012, எச் 2020. எந்தப் பதிப்பு என்று வர வேண்டும். '5 முதல் 95 சதமானம் வரை பொருந்தும் இருக்கை' (அதாவது மிகச் சிறிய 5 சதவீதம், மிகப் பெரிய 5 சதவீதம் பேரை விட்டு மற்றவர்களுக்குப் பொருந்துவது) என்றால் யாருடைய உடலளவு என்றும் கேளுங்கள். அமெரிக்க வீரர்களின் அளவில் செய்த பெடல் நம்மவர் காலுக்கு எட்டாமல் போகலாம்.

பணிச்சுமை மதிப்பெண்ணிலும் இதே கதை. வேலை எவ்வளவு சுமையாக இருந்தது என்று செய்தவரையே மதிப்பிடச் சொல்லும் நாசா-டிஎல்எக்ஸில் 6 அளவுகோல்கள்; இரண்டிரண்டாக 15 ஜோடிகளை ஒப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் எடை போடுவது மூல முறை. பலர் எடை போடாமல் நேரடிச் சராசரி எடுக்கிறார்கள். அதுவும் செல்லும். ஆனால் எந்த முறை என்று குறிக்காத இரண்டு மதிப்பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

அதிகம் சண்டை போட வேண்டியிருந்தது பயிற்சிப் பலன் கட்டத்துக்குத்தான். 'பெரும் சேமிப்பு' என்ற வாசகத்தை ஏற்கவே கூடாது. சிமுலேட்டர் இல்லாமல் 10 மணி நேரம் பறந்து கற்பதை, சிமுலேட்டரில் 4 மணி நேரம் பழகியவர் 8 மணி நேரத்தில் கற்றால், மிச்சமான 2-ஐ 4-ஆல் வகுத்து வரும் 0.5-தான் பயிற்சிப் பலன் விகிதம். சிமுலேட்டர் நேரம் கூடக் கூட இந்த விகிதம் பொதுவாக இறங்கும். அதனால் வெறும் 0.5 போதாது, 10, 8, 4 மூன்றும் தனித்தனிக் கட்டத்தில் வேண்டும். கையேடு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்துக்கு அந்த மூன்று கட்டங்களையும் காலியாகவே அச்சிட்டு அனுப்பினோம். கையெழுத்தோடு நிரப்பி வந்தது. நீங்களும் காலியாக விட்டே அனுப்புங்கள், பென்சிலில்கூட எதையும் குறிக்காதீர்கள்.