தும்மல் வந்தா கால குறுக்க போடுறவளோட முடிவு

மொத பிரசவம் நார்மல்தான், ஆனா கடைசி நேரத்துல தலை இறங்காம ஆயுதம் போட்டு எடுத்தாங்க. கிழிசல் ஆசனவாய் தசை வரைக்கும் போயிடுச்சு, தேர்ட் டிகிரி டியர்னு டிஸ்சார்ஜ் பேப்பர்ல ஒரு வரி இருந்துச்சு, அப்படின்னா என்னன்னு யாரும் உக்காந்து சொல்லல. நார்மல் டெலிவரின்னு எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

அதுக்கப்புறம் தும்மல் வந்தா கால குறுக்க போட்டுக்கணும், புள்ளைய தூக்கிட்டு மாடிப்படி ஏறினா ரெண்டு சொட்டு போயிடும். சரி, இத கூட தோழிங்ககிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்லிடலாம். கேஸ அடக்க முடியலன்னு யார்கிட்ட போய் சொல்றது? நாலு பேர் இருக்குற ரூம்ல வேணும்னே நாற்காலிய கரகரன்னு இழுத்து சத்தம் போட்டிருக்கேன்.

இப்ப ரெண்டாவது. சிசேரியன் பண்ணிக்கிட்டா கீழ எல்லாம் பத்திரமா இருக்கும்னு பாதி பேரு, ஒருதடவ நார்மல் ஆனவ எதுக்கு வயித்த கிழிச்சுக்கணும்னு மீதி பேரு, அம்மா மட்டும் "புள்ள பெத்தா அப்படித்தான்டி இருக்கும்"னு முடிச்சுட்டாங்க.

டாக்டர்கிட்ட இந்த தடவ கேஸ் விஷயத்தையும் வாய் விட்டு சொன்னேன், அங்கதான் பேச்சே மாறுச்சு. யூரின் லீக் மட்டும்னா சிசேரியன் ஓரளவுக்குத்தான் உதவும், வயித்துல சுமக்குறதே யூரின அடக்குற தசைங்கள இழுத்துடும், ஏற்கனவே இருக்குற லீக்க ஆபரேஷன் சரி பண்ணாதுன்னாங்க. ஆசனவாய் தசை கதை வேற. திரும்ப நார்மல் போனா அதே மாதிரி பெரிய கிழிசல் வர்றது 100 பேர்ல 5லருந்து 7 பேருக்குத்தான், கேக்க கம்மியா இருக்கு, ஆனா ஏற்கனவே பாதி தசைல ஓடிட்டு இருக்குறவளுக்கு அது கம்மி இல்ல. ஆசனவாய் வழியா ஒரு ஸ்கேன், தசை எவ்வளவு இறுக்குதுன்னு பாக்க மனோமெட்ரின்னு ஒரு டெஸ்ட். கூச்சமாத்தான் இருந்துச்சு, வலி பெருசா இல்ல. தசைல இன்னும் இடைவெளி இருக்கு, அழுத்தமும் கம்மி. சிசேரியன்னு முடிவு பண்ணிட்டேன், குழந்தையோட மூச்சுக்கு நல்லதுன்னு 39வது வாரத்துக்கு மேலதான் தேதி தருவாங்களாம், அதுக்குள்ள வலி வந்துட்டா என்ன பண்றதுன்னும் கேட்டு ஃபைல்ல எழுத வச்சுட்டேன்.

பயம் இல்லாம இல்ல. தையலோட பெரியவன தூக்க முடியாது, அவனுக்கு அது புரியாது. மூணாவது பத்தி யோசிச்சா நஞ்சுக்கொடி பழைய சிசேரியன் தழும்புல ஒட்டிக்கிற ஆபத்து வேற இருக்கு. எங்களுக்கு ரெண்டு போதும், அதனால எனக்கு இது சுலபம், இன்னொருத்தருக்கு அப்படி இருக்காது. என் தோழிக்கும் இதே கிழிசல்தான், ஆனா தொந்தரவு எதுவும் இல்ல, ஸ்கேனும் நல்லா வந்துச்சு, அவ நார்மல்தான் போனா. முக்கும்போது சூடான துணிய ஒத்தி, கையால தாங்கி, மெதுவா எடுத்தாங்களாம், நல்லாவே இருக்கா. அதனால என்ன பாத்து யாரும் முடிவு பண்ணாதீங்க, டெஸ்ட் எடுங்க.

ஒண்ணு, எந்த வழில பெத்தாலும் கீகல் எக்சர்சைஸ், அதாவது யூரினயும் கேஸயும் அடக்குற தசைய இறுக்கி விடுற பயிற்சி, அத விடாதீங்க. ஒரு தடவைக்கு 8 இறுக்கு, நாளைக்கு 3 வேளை, குறைஞ்சது 3 மாசம். போன தடவ நான் ரெண்டே வாரத்துல விட்டுட்டேன். இப்ப போன்ல அலாரம் வச்சிருக்கேன், அது அடிச்ச உடனே பெரியவன் "அம்மா இறுக்கு, அம்மா இறுக்கு"ன்னு வீடே அதிர கத்துறான், விருந்தாளி இருந்தாலும்.