வாங்க என்று கேட்காத கதவு

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கைபேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால் ஒரு படம்: சாம்பல் நிறக் கம்பிக் கதவு, அதன் முன்னால் இரண்டு ஜோடிச் செருப்பு, செருப்பை ஒட்டினாற்போல் பழுப்புத் துணியில் தைத்த ஒரு பெட்டி. கதவு என்னுடையது. செருப்பும் என்னுடையது. பெட்டி, ஆத்தா காரைக்குடியிலிருந்து அனுப்பிய பலகாரம். ‘உங்கள் பொருள் ஒப்படைக்கப்பட்டது’ என்று படத்துக்குக் கீழே ஒரு வரி.

எழுந்து ஓடிக் கதவைத் திறந்தேன். மின்தூக்கி மூடிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றடி தூரத்தில் நான் இருக்கிறேன். வெளியே ஒருவர் குனிந்து, பெட்டியை நேராக வைத்து, வெளிச்சம் பார்த்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போயிருக்கிறார். பெல்லை அழுத்துவதற்கு அதில் பாதி நேரம்கூட ஆகியிருக்காது.

செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு இதன் கனத்தை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கம் சொத்துக்காகப் பேச்சை நிறுத்தியவர்களைவிட, ‘வாங்க என்று கேட்கவில்லை’ என்பதற்காக நிறுத்தியவர்கள்தான் அதிகம் என்று எனக்கு ஓர் எண்ணம். என் பெரிய அயித்தை, ஒரு கல்யாண வீட்டில் தன்னை வாங்க என்று கேட்காத ஆச்சியோடு பதினான்கு வருடம் முகம் கொடுக்கவில்லை. அந்த ஆச்சி கேட்கத்தான் செய்தார், நாதஸ்வரச் சத்தத்தில் காதில் விழவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அதற்குள் இரண்டு பேரும் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அந்த வீட்டு ரத்தம் நான். என் வாசலுக்கு வந்த மனிதரை வாங்க என்று கேட்கவில்லை. கேட்கும்படி அவர் விடவும் இல்லை.

சிங்கப்பூருக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன், பொய்யில்லை. பெருவிரைவு ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும்போது நகரும் படிக்கட்டு நேரே வரும் என்று தெரியும். கோப்பிக் கடையில் ‘தே ஓ கோசோங்’ என்று ஒரே மூச்சில் சொல்வேன். உணவங்காடி மேசையில் கைத்துடைப்புத் தாள் பொட்டலம் ஒன்று கிடந்தால், அது யாரோ பிடித்து வைத்த இடம் என்று ஒதுங்கிப் போவேன். காரைக்குடி பஸ் நிலையத்தில், உள்ளே நுழையும் பஸ்ஸின் சன்னல் வழியே துண்டை வீசி இடம் பிடித்த வம்சத்துக்கு இதைக் கற்றுத் தரவா வேண்டும்? என்ன, அங்கே துண்டுக்குச் சண்டை வரும். இங்கே தாளுக்கு வருவதில்லை.

ரயில் நடைமேடையில் மலாய் மொழியில் ஓர் அறிவிப்பு உண்டு: ‘பெர்ஹாத்தி-ஹாத்தி’. கவனமாக இருங்கள் என்று பொருள். முதல் ஆறு மாதம் என் காதில் அது ‘ஆத்தி... ஆத்தி’ என்றே விழுந்தது. எங்கள் ஊர் பள்ளத்தூரில் யாராவது படியில் தடுக்கினாலும் அதைத்தான் சொல்வார்கள். அர்த்தம் தெரியாமலேயே காலைப் பார்த்து வைத்தேன்.

இன்னும் பழகாதது ஒன்று உண்டு. இங்குள்ள படிவங்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு ஏது? அப்பச்சியின், அதாவது அப்பாவின், பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினேன். எங்கள் ஊரில் ‘விலாசம்’ என்றால் தெருவும் கதவு எண்ணும் அல்ல, பெயருக்கு முன்னால் வரும் தலைப்பெழுத்து வரிசை. பாட்டன், பூட்டன் எல்லாரும் அதில் நிற்பார்கள்; அதைச் சொன்னால் தபால்காரர் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார். இங்கே கட்டடத்துக்குக் கட்டடம் தனியாக ஆறு இலக்க எண் கொடுத்திருக்கிறார்கள். எண்ணைத் தட்டினால் போதும், யார் மகன் என்பது யாருக்கும் வேண்டாம். ஆனால் மருத்துவமனையில் முறை வரும்போது அப்பச்சி பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் நாங்கள் வாய்விட்டுச் சொல்லாத பெயர். அதைக் கேட்டு நான் எழுந்து போகிறேன்.

பெல் விஷயத்துக்கு வருகிறேன். இது நானே கடையில் பார்த்துப் பார்த்து வாங்கி மாட்டியது. முப்பத்தாறு ராகம் அதில் இருக்கிறது. குயில் மாதிரிக் கூவுகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இந்த வீட்டுக்குக் குடிவந்து இரண்டு வருடத்தில் அந்தக் குயில் நான்கு முறை கூவியிருக்கிறது. ஒன்று, தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவர். இரண்டு, சீனப் புத்தாண்டுக்கு எதிர்வீட்டு ஆன்ட்டி, கையில் ஜோடி ஆரஞ்சு. மூன்று, தீபாவளிக்கு நான் கொடுத்த முறுக்கு டப்பாவைக் கழுவித் திருப்பித் தர அதே ஆன்ட்டி. டப்பாவைச் சும்மா தரக்கூடாது என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது, உள்ளே நான்கு பிஸ்கட் இருந்தது. நான்காவது, வீடு மாறி வந்த ஒரு பையன். அவனை நான் ஆர்வத்தோடு பார்த்த பார்வையில் பயந்து, பதில் சொல்லாமலே போய்விட்டான்.

எங்கள் பள்ளத்தூர் வீட்டுத் தலைவாசலுக்குப் பெல் கிடையாது. தேவைப்பட்டதில்லை. காலையில் கோலம் போடத் திறந்தால் இரவு விளக்கு அணையும்போதுதான் மூடுவார்கள். முகப்பில் நின்று பார்த்தால் வளவு என்கிற உள்முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின் தெருவில் போகிற சைக்கிள் தெரியும். அத்தனை வாசலையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். காற்றுக்கு என்பார்கள், யார் வருகிறார்கள் என்று அடுப்படியிலிருந்தே பார்க்க என்பது அப்பத்தாவின் கட்சி. வந்தவர் எதுவரை வரலாம் என்பதையும் அந்தக் கட்டடமே சொல்லிவிடும். வழிப்போக்கருக்குத் திண்ணை, கணக்கு வழக்குக்கு முகப்பு, உறவுக்கு வளவு. திண்ணையோடு நிறுத்தப்பட்டவர்களும் அந்த ஊரில் இருந்தார்கள். அதை மறைத்துக்கொண்டு திண்ணைப் பெருமை பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் வெயிலில் வந்து உட்கார்ந்தவருக்கு, யார் எவர் என்று கேட்பதற்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீர் வந்துவிடும்.

ஐயாவும், அதாவது அப்பச்சியின் அப்பாவும், இதே சிங்கப்பூருக்குக் கொண்டுவிற்க, வட்டித் தொழில் பார்க்க, வந்தவர்தான். 1950களில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி வந்து, மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்தார். நீளமான ஒரே கூடம். ஆளுக்கு ஒரு பாய், ஒரு பெட்டி. தெருவைப் பார்த்துத் திறந்தே கிடக்கும். கணக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் மேலாள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதானாம்: படி ஏறி வருகிறவன் சீனனோ மலாய்க்காரனோ, கடன் கேட்க வருகிறானோ கடனைத் தள்ளிப்போடச் சொல்ல வருகிறானோ, முதலில் வாங்க என்று சொல். மூன்று வருடக் கணக்கு முடிந்து ஊருக்குப் போனால், வந்த கதையை அடுத்த மூன்று மாதத்துக்குத் திண்ணையில் சொல்வார். அந்தக் கிட்டங்கிகள் இன்று இல்லை. அந்தத் தெருவில் இப்போது அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கட்டடங்கள்.

மிச்சம் இருப்பது டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில், 1859இல் நகரத்தார் கட்டியது. இந்த ஊரில் என்னைப் பார்த்து ‘எந்த ஊர், எந்தக் கோயில்?’ என்று ஊரையும் குலக்கோயிலையும் கேட்கிற ஒரே இடம் அது. ‘பள்ளத்தூர், இளையாத்தங்குடி’ என்று சொன்ன மறு நிமிடம் ஒரு பெரியவர் எங்கள் பெரிய அயித்தையின் கல்யாணத்தில் தான் பந்தி பரிமாறியதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எந்தச் செயலியும் இவ்வளவு விரைவாக ஆளைக் கண்டுபிடித்து நான் பார்த்ததில்லை.

இதில் நான் வாயைத் திறக்கக்கூடாத ஒரு சங்கதி இருக்கிறது. என் தொழிலே கைபேசிச் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது. ஒரு காரியம் முடிய எத்தனை முறை தட்ட வேண்டியிருக்கிறது என்று எண்ணி, ஐந்தை மூன்றாக்குவது, மூன்றை ஒன்றாக்குவது. கேள்வி கேட்டால் பாதிப் பேர் நடுவிலேயே விட்டுப் போய்விடுவார்கள். ஆகவே கேட்காமலேயே ஒரு பதிலை நாங்கள் குறியிட்டு வைத்துவிடுவோம். அதை யாரும் மாற்றுவதில்லை. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின்மேல் வார்ப்பார்கள், கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு ஏறிவிடும். எங்கள் வேலையும் அப்படித்தான், கை எங்கும் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

பெட்டியை வைத்துவிட்டுப் போனவர்மேல் புகார் எழுதலாம் என்று கோபத்தோடு அந்தச் செயலியைத் திறந்தேன். அமைப்புகளுக்குள் நுழைந்து, அதற்குள் இன்னொரு பக்கத்தில், கடைசியில் ஒரு வரி: ‘கதவருகே வைத்துச் செல்லவும். மணியடிக்க வேண்டாம்.’ குறியிட்டிருந்தது. நான் இடவில்லை, நீக்கவும் இல்லை. என்னைப் போல ஒருவன் எங்கோ உட்கார்ந்து, என் போன்றவர்களுக்கு இதுதான் வசதி என்று முடிவு செய்திருக்கிறான். நல்ல வடிவமைப்புதான். புகாரை எழுதாமல் குறியை மட்டும் எடுத்துவிட்டேன்.

பெட்டியில் மனகோலம், சீப்புச் சீடை, நொறுங்கிப்போன கைமுறுக்கு. பெட்டி வந்துசேர ஒன்பது நாள். 2023 பிப்ரவரியில் கைபேசியில் பணம் அனுப்பும் முறைகளான இந்தியாவின் யுபிஐயையும் இங்குள்ள பேநவ்வையும் இணைத்துவிட்டார்கள், அப்பச்சிக்கு நான் அனுப்பும் பணம் நிமிடத்தில் போய்விடுகிறது. ஐயா காலத்தில் பணத்துக்கு உண்டியல் சீட்டு எழுதிவிட்டுக் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். காசு பறக்கக் கற்றுக்கொண்டது. மனகோலத்துக்கு இன்னும் வரவில்லை.

அடுத்த வாரம் வேறொரு பொருள் வந்தது. குயில் கூவியது! ஓடிப்போய்த் திறந்து, வாய் தவறி, தமிழிலேயே ‘வாங்க’ என்றேன். தலைக்கவசம் கழற்றாத இளைஞர் ஒருவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு கைபேசியை நீட்டி, நான்கு இலக்க எண்ணைச் சொல்லுங்கள் என்றார்.

ஊரில் இருக்கும் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது இப்போது பூட்டிக் கிடக்கிறது. ஏழு புள்ளிகளுக்கு, அதாவது ஏழு குடும்பங்களுக்கு, பொதுவான வீடு; ஏழு பேரும் ஏழு திசையில். ஆத்தாவும் அப்பச்சியும்கூடக் காரைக்குடியில் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விட்டார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்போம். மற்ற நாளில் காலையும் மாலையும் ஓர் அண்ணன் வந்து விளக்கு வைத்துவிட்டுப் போவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பங்காளிகள் எல்லாரும் பணம் போட்டு முகப்பில் ஒன்று, வளவில் ஒன்று என்று கேமரா மாட்டினோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அப்பச்சி, நம் வீட்டு வாசல் நிலை ஏதாவது அங்கே சாய்ந்து நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவார்.

திருட்டுக்காக வைத்த கேமராவை நான் பயன்படுத்துவது வேறு காரியத்துக்கு. ஐப்பசியில் இங்கே மழை பெய்யும்போது அங்கேயும் பெய்கிறதா என்று பார்ப்பேன். நான்கு பக்க ஓடும் வளவுக்குள் இறங்கும் தண்ணீரை, அலுவலகத்தில் கைபேசியை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் மூலைக்கு ஓர் அண்டா வைப்பார்கள். வெண்கலத்தில் விழும் சத்தத்தை வைத்தே எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அப்பத்தா சொல்வார். இப்போது தண்ணீர் நேராகத் தரையில் விழுகிறது. ஆத்தங்குடிக் கல் நடமாட்டம் இருந்தால் மின்னும், இல்லாவிட்டால் மங்கும். படத்தில் தெரிவது மங்கல்தான், கேமராவைக் குறை சொல்ல முடியாது.

‘மனித நடமாட்டம்’ என்று அந்தச் செயலி அடிக்கடி அறிவிக்கும். பெரும்பாலும் புறா. ஒருமுறை ஆடு.

நேற்றுப் பிற்பகல் பல் மருத்துவரைப் பார்க்க ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். அறிவிப்பு வந்தது. இந்த முறை உண்மையிலேயே மனிதர்தான். ஊரில் மணி ஒன்று இருக்கும், உச்சி வெயில். அறுபது வயதுக்காரர், சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்கள் திண்ணையில் ஏறி, தூணில் முதுகை வைத்து உட்கார்ந்துவிட்டார். பூட்டைப் பார்த்ததாகவே தெரியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். யாருடைய அனுமதியும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

அந்தச் செயலியில் ஒலிவாங்கிப் பொத்தான் ஒன்று உண்டு. இதுவரை தொட்டதில்லை. கட்டை விரல் தானாகப் போய்விட்டது.

“வாங்க, உட்காருங்கள்” என்றேன்.

பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். திரையில் அந்த மனிதர் சட்டென்று எழுந்து நின்றார். தலைக்கு மேல் இருக்கும் கேமராவை அவர் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார்.

“உள்ளே ஆள் இருக்கிறீர்களா? குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும், ஐயா.”

“இதோ” என்று சொல்லிவிட்டேன்.

விளக்கு வைக்கும் அண்ணனுக்கு அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. நான் இறங்க வேண்டிய நிலையம் வந்தது, போனது. திரையில் அவர் இன்னும் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.